முன்மேசைக் கணினி

மரிவிக்கை நான் நேரில் பார்த்தது நாலே தடவை.
நாலிலும் அவள் கோட்டுக்குள் இருந்தாள்.
அவள் பகல், நான் இரவு,
இடையில் காலையும் மாலையும் மேலாளர் க்ரெய்க்.
வின்னிபெக்கில், பெம்பினா நெடுஞ்சாலையில்
பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து எரியாத மோட்டல்.
மூன்று பேருக்கும் ஒரே கணினி, ஒரே கடவுச்சொல்.

முதலில் கை வைத்தது நான்தான்.
கீழே கிடந்த டாஸ்க்பாரைத் தூக்கி
இடப்பக்கம் நிறுத்தினேன்.
மறுநாள் இரவு அது உச்சியில் இருந்தது,
பரணில் ஏறிய பூனை மாதிரி.
சரி, என்றேன்.

பிறகு வால்பேப்பர்.
கம்பெனி மாட்டியிருந்த மலையை இறக்கிவிட்டு
கறுப்பை வைத்தேன். வெறும் கறுப்பு.
அவள் அதில் ஒரு மாம்பழத்தை வைத்தாள்
மூலையில், சின்னதாக, யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல.
நான் அதை இரண்டாக்கினேன்.
ஒரு மணி நேரம் பிடித்தது, நடுவில்
பதினாலாம் அறைக்காரர் ஹீட்டர் ஹீட்டர் என்று இறங்கி வந்தார்.
மறுநாள் ஒரு பழம் பாதி கடிபட்டிருந்தது.

குப்பைத் தொட்டிக்கு க்ரெய்க் என்று
பேர் வைத்தது யார் என்று சொல்ல மாட்டேன்.
பதினோரு நாள் அவர் கவனிக்கவில்லை.
தினமும் க்ரெய்க்கைக் காலி செய்துவிட்டுத்தான்
காபி குடிக்கப் போவேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தாமதமாகப் பிடிபட்டது.
பதினொன்று அடித்ததும் திரை தன் வெள்ளையை இழக்கும்,
மெல்ல, பாலில் மஞ்சள்தூள் கரைகிற மாதிரி.
கணினிக்கு வயதாகிறது என்று நினைத்தேன்.
ஒருநாள் அமைப்புகளுக்குள் இறங்கிப் பார்த்தால்
இரவு ஒளி. தொடக்கம் பதினொன்று. முடிவு ஆறு.
என் ஷிப்ட், நிமிடம் பிசகாமல்.
அந்த நேரத்தில் அவள் ஒருநாளும் இங்கே இருந்ததில்லை.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார்கள் மூக்கில் வயர் தொங்க
கரண்ட் குடித்துக்கொண்டு நின்றன.
அன்று நான் எதையும் மாற்றவில்லை.

பிப்ரவரியில், இரவு இரண்டு மணிக்கு,
நான் தொடாமலே அம்பு நகர்ந்தது.
கால்கரியில் உட்கார்ந்து யாரோ நகர்த்துகிறான்.
மலை திரும்பி வந்தது, லோகோவோடு.
டாஸ்க்பார் கீழே விழுந்தது.
மாம்பழம் போச்சு, மஞ்சளும் போச்சு.
க்ரெய்க் மறுபடி குப்பைத் தொட்டி ஆனார்.
எதைச் சொடுக்கினாலும் ஒரே பதில்:
இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி பூட்டியுள்ளார்.
வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்த
விடியும்வரை சாவி அட்டைகளை எண்ணினேன்.

ஐகான்களைப் பூட்ட மறந்துவிட்டான்.
மொத்தம் ஏழு.
தமிழில் ஏதாவது எழுதலாம் என்று இழுத்துப் பார்த்தேன்.
அவை கட்டம் கட்டமாகத்தான் நிற்கும்,
நம் எழுத்தோ வளையாமல் வராது.
அ வரவில்லை. ம கூட மக்கர் செய்தது.
கடைசியில் ட.
மூன்று கீழ்நோக்கி, இரண்டு பக்கவாட்டில்,
மிஞ்சிய இரண்டும் தூர மூலையில்.
ஒற்றை டகரத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்ல?
அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவள் கண்ணுக்கு அது எல் என்று பட்டிருக்கும்.
எல் என்றால் நம் பழந்தமிழில் பகல்.
அவளுக்கு அது தெரிய வழியில்லை.

அடுத்த இரவு
மூலையிலிருந்த இரண்டும் வந்து சேர்ந்திருந்தன.
கால்குலேட்டர், அதன் தலைமேல் குப்பைத் தொட்டி,
வலப்பக்கத்துச் சுவராக.
அவள் யூ என்று எழுதியிருக்கலாம்.
கிண்ணம் என்று அடுக்கியிருக்கலாம்.
நான் ப என்று படித்தேன்,
ஆளில்லாத லாபியில், வாய்விட்டு,
இரண்டு தடவை.