வாறபோது எத்தினை பேர்

கரடிப்போக்குச் சந்தியில் என் கடை.
உரக்கடைக்கும் போன் திருத்துகிற கடைக்கும் நடுவில்
எட்டடி அகலம், ஒரு கணினி, ஒரு மின்விசிறி.
கண்ணாடியில் ஒட்டிய விமானத்தின் வாலை
வெயில் தின்று வெள்ளையாக்கிவிட்டது.

வியாழன் போக, ஞாயிறு வர,
பலாலி - மதுரை.
எழுபத்திரண்டு இருக்கை.
பன்னிரண்டு கிழமை பார்ப்பார்களாம்,
சராசரி நாற்பதுக்குக் கீழே போனால்
நிறுத்திவிடுவார்களாம்.
கொழும்பிலிருந்து வந்த அதிகாரி
சீனி கூடிய தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டு
ஒரு படிவம் நீட்டினார்:
"உங்கட மாவட்டம் கிழமைக்கு எத்தினை பேர் தரும்?"

நாங்கள் தண்ணியைக் கேட்டு விதைக்கிற ஆட்கள், ஐயா.
சித்திரையில் சிறுபோகக் கூட்டம் கூடும்.
இரணைமடுவில் எத்தனை அடி நிற்குதென்று
பொறியியலாளர் வாசிப்பார்,
பிறகுதான் ஏக்கர்.
கத்துவோம், கதிரையைத் தள்ளி எழும்புவோம்.
எவ்வளவு கத்தினாலும்
அடி கூடாது.
ஆட்களுக்கு அந்த அளவுகோலை
எங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்?

முதற்கிழமை ஐம்பத்தெட்டு.
பாதிப்பேர் புதினம் பார்க்கப் போனவர்கள்.
உருத்திரபுரத்து மரகதவல்லி, கண்ணில் படலம் எடுக்க,
துணைக்கு மகன்:
போக இரண்டு, வர இரண்டு, நல்ல கணக்கு.
பரந்தன் புடவைக்கடை இக்னேசியஸ்
ஆளில் ஒன்று, பாரத்தில் மூன்று,
முப்பது கிலோ காணாதென்று என்னோடுதான் சண்டை.
ஆறாம் கிழமை அறுவடை. பத்தொன்பது.
அறுத்த நெல்லுக்கு விலை விழ
எட்டுப் பேர் ஒரே நாளில்
"பிறகு பாப்பம் தங்கச்சி" என்றார்கள்.

மாங்குளத்து லொறிக்காரர் தவநேசன்
டிக்கெட் எடுக்க வரவில்லை,
விசிறிக்குக் கீழே நிற்க வந்தார்.
"தம்புள்ளைக்குப் பூசணி ஏத்திப் போறன்.
வெறும் லொறியோட வந்தா டீசல் என்ர வயித்தில.
போறதைப் பாக்காத.
வாறபோது எத்தினை பேர்?"

பார்த்தேன்.
மண்டபம் முகாமிலிருந்து ஒரு குடும்பம், ஐந்து பேர், ஒருவழி.
பேத்திக்குக் கிளிநொச்சி என்று எழுத வரவில்லை.
அவர்கள் இனிப் போகமாட்டார்கள்.
போனவர்களில் நான்கு பொடியன்கள்
திரும்பும் திகதியை எனக்காகத்தான் சொன்னார்கள்.
வரவையும் செலவையும் கூட்டினால்
கிட்டத்தட்டச் சரிவரும்.
ஆட்கள்தான் வேறு.
கணினிக்கு அது ஒரே நிறப் பெட்டி.

பதினோராம் கிழமை முப்பத்தாறு.
பன்னிரண்டாவதுக்கு
நானே ஒரு டிக்கெட் போட்டேன்.
நானூறு பேருக்கு யன்னலோரம் பிடித்துக் கொடுத்தவளுக்கு
நடைபாதை ஓரம் விழுந்தது.
மதுரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.
மூன்று இரவு அறைக்கு வாடகை கொடுத்து
ஒரு தேசிக்காய் பிழிகிற கட்டை வாங்கினேன்.

ஞாயிறு, பணிப்பெண் விரலால் தலைகளை எண்ணினாள்.
நானும் எண்ணினேன்.
முப்பத்தொன்று. என்னையும் சேர்த்து.

காற்று மாறி விமானம்
பூநகரிப் பக்கம் ஒருமுறை வளைந்தது.
பக்கத்து ஆள் முழங்காலை ஒதுக்கி
"பாருங்கோ" என்றார்.
அறுத்த வயல், உப்புத்தரை, ஒரு சிவப்பு உழவு இயந்திரம்.
அதனருகே யாரோ நிமிர்ந்து நின்றார்கள்,
இந்தச் சத்தத்துக்கு ஒருகாலம் குப்புற விழுந்த சனம்.
தூரத்தில் ஒரு குளம் மினுங்கியது.
எந்தக் குளமென்று தெரியவில்லை.
எத்தனை அடி என்று
மேலிருந்து சொல்ல ஏலாது.

திங்கள் காலை கடை திறந்து
படிவத்தை எடுத்தேன்.
"மாவட்டம் தரக்கூடிய பயணிகள்" என்ற கோட்டில்
எழுதினேன்:
சித்திரைக் கூட்டம் முடியக் கேளுங்கள்.