மேலே போகிற லிஃப்ட்

எங்கோ ஓர் அரசாங்கம் விழுந்துகொண்டிருக்கிறது.
தோ பாயோவில், மூன்றாம் மாடியில்,
திரையின் அடியில் ஓட
நாற்பது எழுத்துக்குள் அது எனக்கு வேண்டும்.

ஆங்கிலத்தில் வருகிறது:
பிரதமர் இனி நொண்டி வாத்து.
வாத்தை எடுத்தேன். நொண்டியையும்.
‘பெயரளவில் பிரதமர்’
என்று தட்டினேன். இடம் மிச்சம்.

எதிர்த்தவருக்கு மண்சரிவு வெற்றியாம்.
மண் சரிந்தால் வீடு புதையும்,
வெற்றி எங்கிருந்து வரும்?
இந்தத் தீவில் சரிவதற்கு மலையும் இல்லை,
இருக்கிற புக்கிட் தீமாவைப்
படிக்கட்டு போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம்.

அவர்களுக்கு அதிகாரம் ஒரு குதிரை.
சேணத்தில் அமர்வார்கள், கடிவாளம் பிடிப்பார்கள்,
ஒருநாள் குதிரை உதறிவிடும்.
நாம் ஆட்சியைப் பிடிக்கிறோம்,
கடைசி பஸ்ஸைப் பிடிப்பதுபோல.
அப்புறம் அது கவிழ்கிறது, படகுபோல.
பஸ் எந்தத் திருப்பத்தில் படகானது
என்று தமிழில் யாரும் கேட்டதில்லை.

“எங்களுக்கு, விழுந்தவன் மேல் ஏணியும் விழும்”
என்றாள் மலாய் மேசை ருஸ்லினா.
“எங்களுக்கு மேடை. ஏறுவார், இறங்குவார்,
அவ்வளவுதான்” என்றாள் ஹுய் மின்,
ஆறிப்போன தே-ஓ கொசோங்கைக் குடித்தபடி.

பத்து நாற்பதுக்கு இன்னொரு மின்னஞ்சல்.
இது வெளிநாட்டுச் செய்தி இல்லை.
திங்கள் முதல் நம் இருதயராஜ் சார்
சிறப்பு ஆலோசகர்.
பதினொன்றாம் மாடியில் தனி அறை.
மாடிக்கு உதைப்பது என்று
ஆங்கிலத்தில் இதற்கும் ஒன்று உண்டு.
மின்னஞ்சலில் அது இல்லை;
‘மகிழ்ச்சியுடன்’ இரண்டு முறை இருந்தது.

அவரே வந்து நின்றார், என் நாற்காலிக்குப் பின்னால்.
“சுற்றறிக்கை நாலு மொழியிலயும் போகணுமாம்.
தமிழ்ல நீங்களே போட்டுடுங்க.”

நீக்கம் என்று எழுத முடியாது.
உயர்வு என்று எழுதக் கை வரவில்லை.
‘ஆலோசகராக பொறுப்பேற்கிறார்’
என்று அடித்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

குனிந்து படித்தார்.
இருபத்திரண்டு வருடமாகப் படிக்கிற அதே நிதானம்.
“ஒரு ப் விட்டுட்டீங்க” என்றார்.
போட்டேன்.

ஓட்டைக் குவளையில் நாலு பேனா,
நாற்காலி முதுகில் தொங்கிய குளிர்ச்சட்டை.
பெட்டிகூடத் தேவைப்படவில்லை அவருக்கு.
லிஃப்ட் வந்தது,
மேலே போகிற லிஃப்ட்.

கதவு மூடும்வரை
நாங்கள் மூன்று பேரும் மூன்று மொழியில்
எதுவும் சொல்லவில்லை.