நிகர எடை

வெள்ளிக்கிழமை. மக்காச்சோளம் வந்துகொண்டே இருக்கிறது.
லாரி மேடையேறும், பொத்தானை அழுத்துவேன், சீட்டு வரும்.
அறுவடை மாதம் முழுக்க எனக்கு இதுதான் வேலை.
ஆனால் இந்த அறைக்குள்
காலை ஆறு மணியிலிருந்து எடைபோடப்படுவது
கெல்லர்ட் கல்லூரி.

லம்பெர்ட் ஹ்ருஸ்கா கோப்பையைக் கீழே வைக்காமல் சொல்கிறார்:
"அவனுங்க ஜெயிச்ச ஏழு ஆட்டத்துல
அஞ்சு, நோஞ்சானுங்களோட.
என் மாடுகளை இறக்கிவிட்டிருந்தாலும்
இருபது புள்ளி எடுத்திருக்கும்."
"அந்த நோஞ்சானுங்கள்ல ரெண்டு பேர்கிட்ட
நாம தோத்தோம்" என்கிறான் டெல்வின்.
யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஆர்லிஸ் மேசையில் சோளமணிகளை அடுக்குகிறார்,
இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று.
ஆற்றுக்கு இக்கரை நாங்கள், அக்கரை அவர்கள்.
நடுவே காபி சிந்திய கறை, ஆறாகவே இருக்கட்டும்.

"குவார்ட்டர்பேக் பொடியன். கை நீளம், பொறுமை கிடையாது.
ரெண்டு தடவை துரத்தினா மூணாவது தடவை
பந்தை நம்ம கையிலேயே கொடுத்துருவான்."
"துரத்தணும்னா முதல்ல இவனைத் தாண்டணுமே."
வரிசையின் இடது கோடியில் இருந்த மணியை எடுத்துவிட்டு
அங்கே ஓர் இரும்பு நட்டை வைக்கிறார்.
எழுபத்தொன்பதாம் எண். ஆறடி ஏழு அங்குலம்.
முந்நூற்று இருபத்தாறு பவுண்டு.
"பத்து பவுண்டு கூட்டிப் போட்டிருப்பானுங்க."
"நாம பதினஞ்சு கூட்டுவோம்." மறுபடியும் டெல்வின்.

"செப்டம்பர்ல அவனுக்கு முழங்கால் மடங்குச்சே,
இன்னும் பட்டை கட்டிக்கிட்டுதான் வர்றான்.
ஆரம்பத்துலயே ஒரு தடவை, பலமா, அந்தப் பக்கமா…"
"முழங்கால்லயா?"
"முழங்கால்லன்னு நான் சொன்னேனா?"
சொல்லவில்லைதான்.
விரலால் நட்டைச் சுண்டினார், அவ்வளவே.
அது மேசையைத் தாண்டி உருண்டு
கதவோரம் ஒரு பூட்ஸில் பட்டு நின்றது.

எப்போது உள்ளே வந்தாரோ தெரியாது.
காலி லாரியை மேடையில் விட்டுவிட்டு
சீட்டுக்காக நின்றிருந்தார்.
அக்கரைக் கிடங்கு நிரம்பிவிட்டதாம்,
காலையிலிருந்து இது நான்காவது அக்கரை வண்டி.
கதவுநிலை தலையில் இடிக்காதிருக்கக்
கொஞ்சம் குனிந்தபடியே நின்றார்.
"பெயர்?" என்றேன்.
வாயால் சொல்லவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி
நிதானமாக எழுதினார்.

ஓஸ்டர்கார்ட்.

மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் தடுமாறாதவள்
தேதியைத் தப்பாகப் போட்டேன்.
அடித்துவிட்டுத் திருப்பி எழுதுவதற்குள்
அவர் குனிந்து நட்டை எடுத்தார்,
மேசையருகே போனார்,
இடது கோடியில், துல்லியமாக, வைத்தார்.
"இங்கதானே இருந்துச்சு?"

"ஆமா ஆமா" என்றார் ஆர்லிஸ், நன்றியோடு.
"நாளைக்கு ஆட்டத்துக்கு வர்றீங்களா?"
"மழை வருதாம். நாப்பது ஏக்கர் நிக்குது.
அறுத்துக்கிட்டே ரேடியோல கேப்பேன்."
சீட்டை நான்காக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

"யாரு அது?" லம்பெர்ட்.
"அக்கரைக்காரர்" என்றேன்.
பிரதியை மேசையறையில் குப்புறப் போட்டு மூடினேன்.

நாளைக்கு நானும் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு
இருபதாம் வரிசையில் உட்காருவேன்.
அந்தப் பக்கமாவே ஓடுங்கடா என்று
தொண்டை கிழியக் கத்துவேன்.
என்னை எனக்குத் தெரியும்.

"இருங்க" என்கிறான் டெல்வின், மேசைமேல் குனிந்து.
"நம்ம பக்கம் பத்து மணிதான் இருக்கு."
நாற்காலிகளை நகர்த்தித் தேடுகிறார்கள்.
ஆர்லிஸ் தன் கால்சட்டை மடிப்புகளை உதறுகிறார்.
வெளியே அடுத்த லாரி
ஹாரன் அடித்துவிட்டது.