லபன் தட்டுக்குக் கீழே குளிர்காலம்

குளிர்காலம் இல்லாமல் இவை கூடாது என்று
சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான் டெலபோஸ்.
கப்பல் பட்டறையில் வெல்டர்; இனி வரமாட்டான்.
ஒரு கண்ணாடித் தொட்டி, மூன்று கார்ட்டர் பாம்பு,
பாதி தீர்ந்த டிஷ்யூ உருளை:
ஏழு தினார் சிகரெட் பாக்கிக்கு ஈடு.

குதைபியாவில் குளிர்காலத்துக்கு எங்கே போவேன்?
டிசம்பரில் ஒரு போர்வை கூடுதல், அவ்வளவுதான்.
கடைக்குத்தான் பெயர் கோல்ட் ஸ்டோர்.
பின்கட்டில் விளக்கு எரியாத பழைய பெப்சி ஃபிரிட்ஜ்.
மேல்தட்டில் லபன், நடுவில் முட்டை,
அடித்தட்டில், துளையிட்ட ஐஸ்கிரீம் டப்பாக்களில்
பத்து வாரம்
பதினொரு டிகிரியில் படுத்திருந்தன மூன்றும்.
முதலாளி கோயாக்கா குனிந்து பார்க்காத ஆள். முழங்கால் வலி.
அந்த முழங்காலுக்கு நான் பட்ட கடன் பெரிது.

பிப்ரவரி கடைசியில் வெளியே எடுத்தேன்.
ஆண் இரண்டும் சுண்டுவிரல் தடிமன்.
பெண்ணின் முதுகில் தாடையைத் தேய்த்தபடி
நடுங்கி நடுங்கி ஊர்ந்ததைப் பார்த்து
"காய்ச்சலா இதுக்கு?" என்றான் சேவுகன்.
மேல்கட்டில் அவனுக்கு, கீழ்க்கட்டில் எனக்கு,
அதற்கும் கீழே அவற்றுக்கு.
வாடகையில் அவன் பங்கில் ஐந்து தினாரை நான் ஏற்றபிறகு
பாம்பு என்பதை விட்டு
"உங்க ஆளுங்க" என்று சொல்லத் தொடங்கினான்.

ஜூன். பெண் சாப்பிடவில்லை.
செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தது,
தையல் விட்ட சட்டை போல.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கடை அடைத்த நேரம்.
முட்டை இல்லை. நேரே குட்டி.
கண்ணாடிக் காகிதம் போல ஒரு பை நழுவி விழும்,
உள்ளிருந்து மூக்கு குத்தும்,
ஈரமான ஷூலேஸ் ஒன்று தலைதூக்கி
என்னைப் பார்த்து வாய் திறக்கும். கடிக்க!
பிறந்து மூன்று நிமிடம் ஆகவில்லை.

இருபத்து மூன்று. இரண்டு அசையவில்லை.
ஒரு மஞ்சள் கட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை.
தாய் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனாள்,
ஒரு குட்டியின் மேலேயே ஏறி.
திரும்பிப் பார்க்கவில்லை. அது அவள் வேலையில்லை.
இரவுக்குள் எல்லாம் முதல் சட்டை உரித்தன;
வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, ஊதினால் பறந்தது.

தீனிதான் பெரும்பாடு.
மத்தி ஆகாதாம், தொடர்ந்து கொடுத்தால் நரம்பு இழுக்குமாம்.
நாங்கள் தின்பது மத்தி.
புதையா நர்சரியில் ஷஃபிகுல் செடித்தொட்டியைக் கவிழ்த்துப்
பொறுக்கித் தருவான் மண்புழு, கிண்ணம் அரை தினார்.
மீசைக் கத்தரியால் நறுக்கி
குட்டிக்கு ஒரு தயிர்க் கப்பாக, தனித்தனியே ஊட்டவேண்டும்.
ஒரு செவ்வாய், லோடு இறக்கிய களைப்பில்
எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் விட்டேன்.

ஒரு புழு. இரு முனையிலும் இரண்டு வாய்.
விடாது. விடத் தெரியாது, பல் உள்நோக்கி வளைந்தது.
புழு குறையக் குறைய முகங்கள் நெருங்கின.
பெரியதின் தாடை அகன்று
சின்னதின் மூக்கில் பட்டபோது
கத்தரியை நடுவில் நுழைத்தேன்.
அரை அங்குலப் புழு. அதில் பாதி பாதி.
விழுங்கிவிட்டு
ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கின இரண்டும்.

"எத்தனை இப்போ?" மேலிருந்து குரல்.
இருபத்தொண்ணு.
"எண்ணிப் பாரு."
எண்ணினேன். இருபது.

தலையணை, அரிசி மூட்டை, ஆறு பேர் செருப்பு.
எல்லாக் குட்டியின் வயிற்றையும் விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
கேட்கக்கூடாத கேள்வி அது, ஆனாலும் பார்த்தேன்.
மூன்றாம் நாள் விடியலில்
ஏசி சொட்டும் வாளிக்குப் பின்னால், ஈரத்தில்,
சுருண்டு கிடந்ததைக் கண்டவன் சேவுகன்.
என்னை எழுப்பவில்லை. வெறுங்கையில் எடுத்திருக்கிறான்.
அது பயந்து, தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை
அவன் உள்ளங்கை முழுக்கப் பீச்சியிருக்கிறது.
மூன்று சோப்புக்கும் போகாத வாடை.

சாயங்காலம் வந்து சொன்னான்:
கம்பெனி பஸ்ஸில் ஒருத்தனும் பக்கத்தில் உட்காரவில்லையாம்.
சித்ரா வரைக்கும்
இரண்டு சீட்டிலும் காலை நீட்டி,
பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக,
தூங்கிக்கொண்டே போனானாம்.