எண் மறைத்த கோல்

பீடோர் ஆலையின் தராசு மேடையில்
இரவு ஏழிலிருந்து எனக்கு எண்கள்தாம்.
லோரி ஏறும்: பதினெட்டாயிரத்து நானூறு.
செம்பனைக் குலைகளைக் கொட்டிவிட்டு
வெறுமையாய்த் திரும்பும்: ஏழாயிரத்து அறுநூறு.
கழித்து எழுதிக் கிழித்துக் கொடுத்தால்
மிஸ்பா விளக்கில் பிடித்துப் பார்த்து
"பெத்துல்" என்று சொல்லிப் போவான்.

இரண்டு மணிக்கு மேல் வரத்து குறையும்.
அப்போதுதான் இழுப்பறையைத் திறப்பேன்.
மூன்றாம் படிவத்தோடு
மகன் தூக்கியெறிந்த கவராயம்.
திருகு தளர்ந்தது. வட்டம் போட்டால்
புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராது,
ஒரு மயிரிழை தள்ளி நிற்கும்.
கோப்பி கட்டிவந்த ரப்பர் வளையத்தை
நான்கு சுற்றுச் சுற்றினேன். சேர்ந்தது.

புத்தகம் எடுத்த எடுப்பிலேயே சொன்னது:
அளக்கக் கூடாது.
கோல், கோடு கிழிக்க மட்டும்.
சிரிப்பு வந்தது,
அளந்தே சோறு தின்பவளிடம் இப்படியா?
ஆனாலும் சென்டிமீட்டர்களின் மேல்
நீளமாய்ப் பிளாஸ்திரி ஒட்டினேன்,
புண்ணுக்கு ஒட்டுவதுபோல.

இரண்டு புள்ளி.
இதிலிருந்து ஒரு வில், அதிலிருந்து ஒரு வில்,
மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு,
இணைத்தால் நடு.
எத்தனை என்று யாரும் சொல்லாமலே
நடு!
வெளியே மிஸ்பா மூன்றாம் முறை ஹார்ன் அடித்தான்.

சீட்டின் பின்பக்கம்தான் எனக்குத் தாள்.
அலுவலகத்தில் கேட்டார்கள்,
நகலில் எல்லாம் என்ன ஊசித் துளை?
பூச்சி, என்றேன்.

எஸ்டேட்டை விற்றபோது
அம்மாவுக்குக் கொடுத்த நிலம் முக்கோணம்.
கால்வாய்க்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில்
கூர்முனையில் ஒரு தண்ணீர்க்குழாயோடு.
தவசி அண்ணன், பூங்காவனம், நான்.
குழாயிலிருந்து கோணத்தை மூணா வெட்டு, என்றான்.
பதினோரு இரவு முயன்றேன்.
பாதியாகும், காலாகும், அரைக்காலாகும்,
மூன்றாக மட்டும் ஆகாது.
கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் இருந்தது:
இந்தக் கருவிகளால் இது முடியாது. யாராலும்.

யாராலும்.
விரலை அந்தச் சொல்லிலேயே வைத்திருந்தேன்.
இதுவரை முடியாது என்று எனக்குச் சொன்னவர்கள்
உன்னால் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கோணம் போகட்டும், அடிக்கோட்டை வெட்டலாம்.
சாய்வாய் ஒரு கோடு, அதில் மூன்று சம எட்டு,
கடைசி எட்டை மறுமுனையோடு கட்டி
அதற்கு இணையாய் இன்னும் இரண்டு.
விழுந்த புள்ளிகளைக் குழாயோடு சேர்த்தேன்.
ஒரே அடி, ஒரே உயரம், ஒரே பரப்பு.

மோட்டாரை வெளியே நிறுத்திவிட்டு
அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நடுத்துண்டு கொழுத்திருக்கே."
"கொழுக்கலை. நிமிர்ந்து நிக்குது."
"அளந்து காட்டு."

கோலை நீட்டினேன்.
பிளாஸ்திரியின் ஓரத்தை
அவன் நகத்தால் கிளறிக்கொண்டிருக்கையில்
மேடையில் ஒரு லோரி ஏறியது.
சிவப்பு எண்கள்
நிலைகொள்ளாமல் துள்ளின.