துளசிமணி காஜா

முதல் நாளே குடும்பப் பெயர் கேட்டது.
சொல்லாமல் அடுத்த பக்கம் திறக்காதாம்.
இன்ஷியலைப் போட்டேன்.
ஓரெழுத்துப் பெயர் செல்லாது என்று சிவந்தது.
மெஷின் எண்ணெய் காயாத விரலால்
வாயில் வந்ததை அடித்தேன்.
அன்றிலிருந்து காலை தவறாமல்
'நல்வரவு, துளசிமணி காஜா.'

திருப்பூர் ஆண்டிபாளையத்தில் எனக்கு
இரண்டு காஜா மெஷின், மூன்று பட்டன் மெஷின்.
கம்பெனி அனுப்பும் டி-சர்ட்டில்
ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பது தொழில்.
கையிருப்பு எவ்வளவு என்கிறது கம்ப்யூட்டர்.
துணி அவர்களுடையது, நூல் அன்றாடம் தீர்வது.
ஓட்டைக்கு எப்படி இருப்புக் காட்டுவது?

பீஸ் எண்ண எழுந்து போய் வந்தால்
என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கும்.
பாதி அடித்த பில்லெல்லாம் உள்ளே போச்சு.
கைக்கு வந்த காசைப் பற்று என்கிறது.
பற்று என்றால் எங்கள் பக்கம் வராத காசு.
'சேமி'க்கு ஒட்டினாற்போல் 'அழி',
இரண்டும் ஒரே நீலம்.
ஊசிக்கு முன்னால் விரல் படாமல்
கம்பி வளைத்து வைத்தானே ஒருத்தன்,
அவன் இந்தப் பக்கம் வேலைக்கு வரவில்லை போல.

நவம்பர் அஞ்சாம் தேதி பில்லுக்கு
05/11 என்று போட்டேன்.
அதற்கு மாதம் முன்னால், நாள் பின்னால்.
மே பதினொன்று என்று வைத்துக்கொண்டது.
பதினாறாம் தேதி ராத்திரி
நான் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கையில்
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
கம்பெனிக்குக் கடிதம் போட்டுவிட்டது:
'189 நாள் பாக்கி. உடனே செலுத்தவும்.
இப்படிக்கு, துளசிமணி காஜா.'

நான் பாக்கி கேட்கும் அழகே வேறு.
அங்க மழைங்ளா என்று தொடங்கி
மில்லு, நூல் விலை, நோம்பி எல்லாம் சுற்றி
சரிங், வெச்சர்றனுங் என்று முடியும்.
நடுவில் காசு என்ற சொல்
வந்தும் வராமல் நிற்கும்.

காலையில் கணக்கர் நாட்ராயன் போன்.
"ஏனுங்க, இப்படியுமுங்ளா எழுதுவாங்க?"
தேதி தப்புங்க, நானில்லைங்க, மெஷினுங்க என்று
நான் நின்றபடியே கும்பிட்டுக்கொண்டிருக்க,
"சித்தெ இருங்க" என்றார்.
"மே மாசக் கட்டைப் பிரிச்சுட்டனுங்க.
பதினொண்ணு இல்லீங்க, பதினெட்டாந் தேதி.
நாலாயிரத்து இருநூத்தி எழுபது.
வேற யாரோட நோட்டுலயோ சேத்து
பின் அடிச்சுக் கெடக்குதுங்க."

எனக்கே நினைவில்லை அந்த பில்.
மே மாதம் பட்டன் மெஷின் ஒன்று படுத்த மாதம்,
மெக்கானிக்கின் முகம்தான் ஞாபகம் வருகிறது.
பொழுதோடு பணம் ஏறியது.

எந்த பில்லுக்கு வந்த பணம் என்றது.
பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது.
பில் காட்டாமல் பணத்தை வாங்க மாட்டேன் என்று
அது அடம் பிடிக்க,
ஆடிட்டர் ஆபீஸ் ஷர்மிளாவைக் கூப்பிட்டேன்.
"சஸ்பென்ஸ்ல போடுங்கக்கா."
"அது சினிமாவுல இல்லைங்ளா?"
"கணக்குலயும் இருக்குதுங்க்கா.
எதுக்குன்னு தெரியற வரைக்கும்."

அப்புறம் உட்கார்ந்து தேதியைத் திருத்தினேன்.
'தோற்றம்' என்பதற்குள் நாலு படி இறங்கினால்
'நாடு' என்று ஒன்று, அதற்குள் இருந்தது.
எந்த நாட்டில் இருந்தேனோ இத்தனை நாளும்.

தானாகக் கடிதம் போடும் பொத்தான்
அதற்குக் கீழேயே.
பட்டன் வைத்தே பிழைக்கிறவள்,
அணைக்கத்தான் கையைக் கொண்டுபோனேன்.

வேண்டாம், இருக்கட்டும்.
கேட்கிறதை அந்தப் பொம்பளை கேட்கட்டும்,
துளசிமணி காஜா.
எனக்கு நாளைக் காலை
நாட்ராயனிடம் மழை விசாரிக்க வேண்டும்.