அட்டைப் பெட்டி ஓடிய திசை

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி ஒன்று,
துடைப்பக் கழிகள் நான்கு,
அகலமான பழுப்பு டேப் ஒன்றரைச் சுருள்.
பேருந்துக்குக் காத்திருப்போர் ஒதுங்கும் இடம்,
எங்கள் முதல் முன்மாதிரி,
புன்டா அரேனஸின் அக்டோபர் காற்றில்
இரண்டு நிமிடம் நின்றது.

இரண்டு என்பது டானிட்ஸாவின் கணக்கு.
யெர்கோவைக் கேட்டால் நாற்பது நொடி.

நீரிணைப் பக்கம் மரமெல்லாம்
கிழக்கே குனிந்தபடியே வளர்ந்த ஊர் இது.
தெரியாதா எங்களுக்கு?
தெரியும். அட்டைக்குத்தான் தெரியாது.
எழுந்தது, ஒரு குட்டிக்கரணம் போட்டது,
கழிகளை உதறிவிட்டுத் தெருவோடு ஓடியது
கடைசி மணி அடித்துவிட்ட பிள்ளையைப்போல.
பின்னாலேயே நாங்கள்.
அனாஹியின் கையில் கத்தரிக்கோல்.
"அதை வைத்துக்கொண்டு ஓடாதே!" என்று கத்தியபடி
நானும் ஓடினேன்.

போன வாரம் முழுக்க
வகுப்புச் சுவரில் மஞ்சள் தாள்கள் ஒட்டினோம்.
பயணிக்கு என்ன வேண்டும் என்று
பயணி ஒருவரும் இல்லாத அறையில்
எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம்.
கூரை என்றது ஒரு தாள். சூடு என்றது ஒரு தாள்.
யெர்கோவின் தாளில் எம்பனாடா எண்ணெய்க் கறை மட்டும்.
எல்லாவற்றுக்கும் கீழே பச்சைப் பேனாவால்
'நன்று' என்று எழுதியவள் நான்.
நினைத்தால் காது சுடுகிறது.

மூலை திரும்பி, ரொட்டிக்கடையின் பக்கச் சுவரில்
மோதி நின்றது பெட்டி.
அங்கே நான்கு பெண்கள்,
நண்டு ஆலையின் இரவு வேலைக்குப் போகிறவர்கள்,
ரப்பர் பூட்ஸைக் கையில் தொங்கவிட்டபடி.
சுவரின் அந்தப் பக்கம் அடுப்பு.
செங்கல்லில் முதுகை வைத்தால்
கோட்டுக்குள் மெல்ல இறங்கும் சூடு.
ஒதுங்க இடம் இருந்தது.
எங்களைக் கேட்காமலே இருந்தது.

உபெர்லிண்டா ஒயார்ஸோ
பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தாள்,
மடக்கினாள், அதன்மேல் உட்கார்ந்தாள்.
"நல்லா இருக்கு" என்றாள்.
டானிட்ஸாவுக்கு முதலில் அழுகை வந்தது, அப்புறம் சிரிப்பு.

மூலைக்கு அப்பால் ஐந்தாவது ஒருத்தி,
நிறுத்தக் கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி.
பேருந்துக்குக் கையாட்ட ஒருவர் நிற்கத்தான் வேண்டுமாம்.
கம்பத்தடியில் ஆள் தெரியாவிட்டால்
வண்டி நிற்காமல் போய்விடும்.
ஆளுக்கு ஐந்து நிமிடம், முறை வைத்து.
வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மட்டும் முறை கிடையாது.

அனாஹி நோட்டைத் திறந்தாள்,
ஒன்றும் எழுதாமல் மூடினாள்,
கம்பத்துக்குப் போய்
"நீங்க போங்க, இந்த முறை என்னுது" என்றாள்.
திரும்பி வந்தபோது
உதடு மரத்து, 'ப'வும் 'ம'வும் அவளுக்கு வரவில்லை.

மறுநாள் சுவர் காலியாக இருந்தது.
மஞ்சள் தாள்களைக் கிழித்தது யார் என்று
நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு கப்பி, நாற்பது எட்டு நீளக் கயிறு,
சுவரோரம் நின்று இழுத்தால் கம்பத்தில் ஏறும் சிவப்பு வாளி.
வாளி கயிற்றையே சுற்றிக்கொண்டு கிடந்தது.
வாளி போய்த் தட்டு வந்தது.
தட்டு இப்போது நீரிணையில் எங்கோ.
கடைசியில் யெர்கோ தன் அம்மாவுக்குத் தெரியாமல்
பாத்திரம் கழுவும் சிவப்புக் கையுறையைக் கொண்டுவந்தான்.
உள்ளே கந்தல் திணித்து,
மிச்சமிருந்த துடைப்பக் கழியின் நுனியில் கட்டினோம்.

வெள்ளிக்கிழமை மதியம். பயணி யாருமில்லை,
சோதித்துப் பார்க்க வந்த நாங்கள் மட்டும்.
யெர்கோ இழுத்தான்.
எழுந்தது கை,
கொஞ்சம் கோணலாக,
பதில் தெரியாமலே தூக்கிய கைபோல.

பேருந்து நின்றது.
கதவு திறந்தது.
ஓட்டுநர் இடம் பார்த்தார், வலம் பார்த்தார்,
கையுறையை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு எங்களைப் பெற்றவர்களில் தொடங்கிப்
பள்ளிக்கூடம்வரை ஒரே மூச்சில் வசை.

ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள் டானிட்ஸா.
மேலே தலைப்பு: பயன்படுத்துபவர் சொன்னது.
அடியில் கோடு போட்டு,
அவளாகச் சேர்த்தது ஒரு வரி:
இறக்குவதற்கும் ஒரு கயிறு வேண்டும்.